பிளாக்பெர்ரி டம்ப்ளிங் ஏன் கல்லாகிறது?

கேள்வி: நாங்கள் வட கரோலினாவில், சார்லட் நகரத்தில் இருக்கிறோம். அலுவலகத் தோழி, தன் பாட்டி கைப்பட எழுதி வைத்த பிளாக்பெர்ரி டம்ப்ளிங் (இனிப்பான பழச்சாற்றில் வேகும் மாவு உருண்டை) செய்முறை அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள். நான்கு கப் பெர்ரி, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், ஒன்றரை கப் மாவு, கொஞ்சம் வெண்ணெய், பட்டர்மில்க், கொதிக்கும் சாற்றில் கரண்டியால் எடுத்துப் போட்டு மூடவும். அட்டையில் இவ்வளவுதான் இருக்கிறது. அப்படியே மைதாவில் செய்தேன். டம்ப்ளிங் கல் மாதிரி வந்தது, உள்ளே பச்சை மாவு. ஏப்ரல் மாதம் ரோட்டோரக் கடையில் 'இந்த ஊர்த் தோட்டத்துப் பழம்' என்று சொன்னதை நம்பி வாங்கினேன். சாறு ஒரே புளிப்பு. என்ன தவறு? குக்கரில் வைத்தால் நன்றாக வேகுமா?

பதில்: உங்கள் கையில் தவறே இல்லை. அட்டையில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது. மாவு என்று அந்தப் பாட்டி எழுதியது செல்ஃப் ரைசிங் மாவை. பேக்கிங் பவுடரும் உப்பும் ஆலையிலேயே கலந்து பையில் வருவது அது. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பழைய வீடுகளில் அடுப்படி டப்பாவில் இருந்ததே அந்த மாவுதான், அதனால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நீங்கள் போட்டது வெறும் மைதா. உப்ப வைக்க அதில் ஒன்றுமே இல்லை, கொதிக்கிற சாற்றில் போட்டால் மேலே இறுகி உள்ளே வேகாமல்தான் கிடக்கும்.

இந்த ஒரு சொல்லால் எத்தனை வீடுகளில் நல்ல பழம் வீணாகிறது என்று பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. பாட்டிகளைச் சொல்லவில்லை. அந்த அட்டைகளை அப்படியே தட்டச்சு செய்து, நடுவில் பத்து விளம்பரத்தைச் செருகி, 'பரம்பரைச் செய்முறை' என்று போடுகிறவர்களைச் சொல்கிறேன். ஒரு முறை அடுப்பில் வைத்துப் பார்த்திருந்தால் மாவு எது என்று எழுதியிருப்பார்கள்.

சரி, என்ன செய்வது? நீங்கள் இருப்பது தெற்கிலேயே, அதனால் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் செல்ஃப் ரைசிங் மாவு கிடைக்கும். அந்தப் பக்கத்து வீடுகளில் அதிகம் சொல்லப்படும் பெயர் ஒயிட் லில்லி. 1883 முதல் டென்னசியின் நாக்ஸ்வில்லில் அரைத்து வந்தார்கள், அந்த ஆலை 2008-ல் மூடப்பட்டது, மாவு வேறு ஊர்களிலிருந்து இன்றும் வருகிறது. அது மென்கோதுமை மாவு, புரதம் குறைவு, அதனால் டம்ப்ளிங் பஞ்சாக வரும். ஆனால் அதையே தேடி அலைய வேண்டாம். வீட்டில் இருக்கிற மைதா ஒரு கப்புக்கு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு சேர்த்துச் சலித்தால் வேலை முடிந்தது. உங்கள் ஒன்றரை கப்புக்கு இரண்டே கால் டீஸ்பூன் பவுடர், உப்பு கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. ஆட்டா மாவு மட்டும் வேண்டாம், இழுவையாகிவிடும்.

பையைத் திருப்பி தேதி பாருங்கள். செல்ஃப் ரைசிங் மாவும் பேக்கிங் பவுடரும் நாளாக நாளாக வலு இழக்கும், அந்தத் தேதியையோ பையின் மடிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத மாதிரி அச்சடிக்கிறார்கள். சந்தேகம் என்றால் வெந்நீரில் அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரைப் போடுங்கள், சடசடவென்று நுரைக்க வேண்டும். நுரைக்கவில்லை என்றால் டப்பாவைக் குப்பையில் போடுங்கள். ஈடுகட்டலாம் என்று சமையல் சோடாவை அள்ளிப் போடாதீர்கள், சோப்பு வாடை வரும், பெர்ரியின் ஊதாச் சாறு படுகிற இடமெல்லாம் டம்ப்ளிங் நீலச் சாம்பல் நிறமாகும்.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதைப் பொறுமையாகப் படியுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வேறொரு அட்டை கையில் கிடைக்கும்போது எல்லாவற்றுக்கும் பேக்கிங் பவுடர் போட்டுக் கெடுத்துவிடுவீர்கள். தெற்கில் டம்ப்ளிங் இரண்டு வகை. ஒன்று உங்களுடையது, தளர்ந்த மாவைக் கரண்டியால் எடுத்துச் சாற்றின் மேல் போடுவது. இன்னொன்று, மாவைக் கட்டியாகப் பிசைந்து பூரிக்கட்டையால் மெல்லியதாகத் தேய்த்து, பட்டை பட்டையாக வெட்டிச் சாற்றுக்குள் போடுவது. இந்த இரண்டாவது வகை உப்பவே கூடாது, வழவழவென்று தட்டையாக வெந்து சாற்றோடு சேர்ந்துவிட வேண்டும், அதனால் பல குடும்பங்களில் அதற்கு வெறும் மாவுதான். எப்படிக் கண்டுபிடிப்பது? தேய்க்கவும், மெல்லியதாக, பட்டையாக வெட்டவும் என்ற சொற்கள் இருந்தால், கூடவே பட்டர்மில்க் இல்லாமல் வெறும் தண்ணீரில் பிசையச் சொன்னால், அங்கே மாவு என்பது பெரும்பாலும் வெறும் மைதா. கரண்டி என்று இருந்தால் செல்ஃப் ரைசிங். இரண்டும் இல்லாமல் மொட்டையாக இருந்தால் பேக்கிங் பவுடர் தனியாகக் குறித்திருக்கிறதா பாருங்கள், குறித்திருந்தால் மாவு வெறும் மாவு, அதற்கு மேல் நீங்கள் எதுவும் சேர்க்கக் கூடாது. அதுவும் இல்லையென்றால் தோழியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பாட்டி செய்தபோது டம்ப்ளிங் உருண்டையாக இருந்ததா, தட்டையாக இருந்ததா? சாப்பிட்டவர்களுக்கு அது கட்டாயம் நினைவிருக்கும். உங்கள் அட்டையில் கரண்டி என்று தெளிவாக இருக்கிறது, அதனால் உங்களுக்குக் குழப்பம் இல்லை.

இப்போது பழத்துக்கு வருகிறேன், இதில்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். வட கரோலினாவில் பிளாக்பெர்ரி பழுப்பது ஜூனில்தான், அங்கிருந்து ஜூலை முழுவதும் வரும். வசந்தத்தில் செடி பூக்கிற சமயம் வரும் குளிரை அந்த ஊர்க்காரர்கள் பிளாக்பெர்ரி விண்டர் என்று சொல்வார்கள், அதுவே பெரும்பாலும் மே மாதக் கதை. ஏப்ரலில் திறந்த தோட்டத்தில் பூ வந்திருந்தாலே பெரிது, பழம் எங்கிருந்து வரும்? நீங்கள் வாங்கியது மொத்தச் சந்தையில் எடுத்து, பிளாஸ்டிக் டப்பாவைப் பிரித்து, மரக் கூடையில் கொட்டிய பழமாகத்தான் இருக்கும். ஏப்ரல் மாதம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி மெக்சிகோவிலிருந்து வருவது. மெக்சிகோ பழத்தில் ஒரு குறையும் இல்லை, அதை மெக்சிகோ பழம் என்று சொல்லி அதற்குரிய விலையில் விற்கலாமே. கூடையை மாற்றிப் பொய் சொல்லி கூடுதல் காசு வாங்குவது திருட்டு.

சட்டம் காப்பாற்றாதா என்றால், அரைகுறையாகத்தான். காய்கனி எந்த நாட்டுடையது என்று எழுதி வைக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் விதி இருக்கிறது, ஆனால் அது வருடத்துக்கு 2,30,000 டாலருக்கு மேல் காய்கனி கொள்முதல் செய்கிற கடைகளுக்குத்தான். ரோட்டோரப் பந்தலுக்கு அது கிடையாது. எங்கே ஏமாற்று நடக்கிறதோ அங்கேதான் விதி இல்லை. இதை எத்தனை வருடம்தான் சொல்லிக்கொண்டிருப்பது!

அதனால் நீங்களேதான் கேட்க வேண்டும். என்ன ரகம் என்று கேளுங்கள். சொந்தமாகப் பயிரிடுகிறவர் யோசிக்காமல் ஒரு பெயர் சொல்வார், நவாஹோ, வாஷிட்டா, நாச்செஸ் என்று. இவையெல்லாம் ஆர்கன்சா பல்கலைக்கழகம் உருவாக்கிய முள்ளில்லாத ரகங்கள், தெற்கில் நிறையப் பேர் நட்டிருக்கிறார்கள். எப்போது பறித்தது, தோட்டத்தை வந்து பார்க்கலாமா என்றும் கேளுங்கள். 'பிளாக்பெர்ரிதான்மா, எல்லாம் ஒன்றுதான்' என்று பதில் வந்தால் நடையைக் கட்டுங்கள். சீசனில் நீங்களே பறித்துக்கொள்ளும் தோட்டங்கள் சார்லட்டைச் சுற்றி இருக்கின்றன, அங்கே போவது எல்லாவற்றையும்விட நல்லது.

பறிக்கும்போது பளபளவென்று மின்னும் கறுப்புப் பழத்துக்கு ஆசைப்படாதீர்கள். பளபளப்பு மங்கி, தொட்டவுடன் கையோடு வருகிற பழம்தான் இனிப்பு. மின்னுகிற பழம் லாரியில் நசுங்காமல் தாங்கும் என்பதால் கடைக்காக அதைப் பறிக்கிறார்கள். பறித்த பிறகு பிளாக்பெர்ரி மேற்கொண்டு பழுக்காது, வீட்டில் வைத்திருந்து பயனில்லை. உங்கள் சாறு புளித்ததற்குக் காரணம் இதுதான். சீசன் இல்லாதபோது உறைந்த பெர்ரி வாங்குங்கள், கூச்சமே வேண்டாம். ஓரிகன் மாநிலத்தில் உறைய வைப்பதற்கென்றே விளைவிக்கிறார்கள், லாரியில் தாங்க வேண்டிய கவலை இல்லாததால் நன்றாகப் பழுத்த பிறகு பறிப்பது அது. ஐஸ் விடாமலே பாத்திரத்தில் கொட்டலாம். பை (pie) என்ற பண்டத்துக்குள் நிரப்ப டப்பாவில் வரும் பழக் கலவை, அதாவது பை ஃபில்லிங், மட்டும் கூடாது, அது ஏற்கெனவே ஸ்டார்ச் போட்டுக் கெட்டியாக்கியது, டம்ப்ளிங் வேகத் தேவையான நீர்ச் சாறு அதில் கிடையாது, அடிப்பிடிக்கும்.

செய்முறை சுலபம். அகலமான, மூடி நன்றாகப் பொருந்துகிற ஸ்டீல் அல்லது எனாமல் பாத்திரம். வெறும் இரும்பு, அலுமினியம் வேண்டாம், புளிப்பு ஏறி உலோக வாடை வரும். பெர்ரி, சர்க்கரை, தண்ணீர், சிட்டிகை உப்பு, ஒரு ஸ்பூன் வெண்ணெய் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கட்டும். ருசி பார்த்துச் சர்க்கரையைக் கூட்டலாம், பழம் ரொம்ப இனிப்பாக இருந்தால் எலுமிச்சை பிழியலாம். கார்ன்ஃப்ளார் தேவையில்லை, டம்ப்ளிங்கிலிருந்து இறங்கும் மாவே சாற்றைக் கெட்டியாக்கும்.

இன்னொரு கிண்ணத்தில் மாவு, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, மூன்று டேபிள்ஸ்பூன் சில்லென்ற வெண்ணெய். விரல் நுனியால் தேய்த்து உதிரியாக்கி, அரை கப் பட்டர்மில்க் ஊற்றி, போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் விட்டுக் கலக்குங்கள். இந்தப் பட்டர்மில்க் நம் வீட்டு மோர் மாதிரி தண்ணீராக இருக்காது, அது இல்லையென்றால் முக்கால் பங்கு கட்டித் தயிரில் கால் பங்கு பால் கலந்துகொள்ளுங்கள். கரண்டியைக் கவிழ்த்தால் மாவு மெதுவாக நழுவி விழ வேண்டும், அதுதான் பதம். பிசையவே கூடாது. கட்டி கட்டியாகத் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள்.

சாறு தளதளவென்று கொதிக்கும்போது மாவைப் பெரிய நெல்லிக்காய் அளவில் எடுத்து, இடைவெளி விட்டுப் போடுங்கள், வெந்ததும் இரண்டு மடங்காகும். உடனே மூடி, தீயைக் குறைத்துப் பதினைந்து நிமிடம். நடுவில் திறக்கக் கூடாது, ஒரு தடவைகூட. கீழ்ப்பாதி சாற்றில் வேகிறது, மேல்பாதி முழுக்க ஆவியில்தான் வேகிறது, இட்லிக்கு எப்படியோ அப்படி. அதன்பின் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள், உள்ளே ஈரப் பிசுபிசுப்பு இருந்தால் இன்னும் மூன்று நிமிடம் மூடி வையுங்கள்.

குக்கர் வேண்டவே வேண்டாம். பெர்ரிச் சாறு பொங்கி நுரைக்கும், விதையும் தோலும் போய் ஆவித் துவாரத்தை அடைக்கும், அது ஆபத்து. டம்ப்ளிங் வேகாததற்கு அழுத்தம் போதாதது காரணமும் இல்லை.

இறக்கிப் பத்து நிமிடம் கழித்துச் சாறு கொஞ்சம் இறுகியதும் வனிலா ஐஸ்கிரீமோ பாலாடையோ வைத்துப் பரிமாறுங்கள். அன்றைக்கே சாப்பிட்டு முடிப்பதுதான் நல்லது, இரவு முழுக்க ஊறினால் டம்ப்ளிங் கூழாகிவிடும். மறுநாளும் வேண்டுமென்றால் பாதிச் சாற்றை மட்டும் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து, அடுத்த நாள் கொதிக்க வைத்து, மாவைப் புதிதாகக் கலந்து போடுங்கள்.