டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் பணக்காரர்களுக்கு மட்டும்தானா? மாதம் எவ்வளவு செலவாகும்?

அமெரிக்காவில் இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்கள் மாதம் எவ்வளவு செலவழிக்கிறார்கள், சாதாரணச் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகக் கட்டுப்படியாகும். விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கியில் ஒன்பது ஆண்டுகளாக வியாழக்கிழமை தோறும் ஆடிவருகிறேன். என் சொந்தச் செலவு: பகடை ஒரு செட், பத்து டாலர். விதிப் புத்தகம் ஒன்று, ஐம்பது டாலர். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைப்பதால் அந்தப் புத்தகத்தையும் ஆசைக்காகத்தான் வாங்கினேன். வாரம் ஒருவர் முறைவைத்து பீட்சா வாங்குகிறோம். ஒன்பது ஆண்டுகளில் பகடைக்குச் செலவழித்ததைவிடப் பீட்சாவுக்குச் செலவழித்தது பல மடங்கு.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறோம். ஒருவர் கதையை நடத்துகிறார், அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வாள் வீரன், திருடன், மந்திரவாதி, காயம் ஆற்றுகிற கிளெரிக். செய்ய நினைப்பதை வாயால் சொல்ல வேண்டும், முடிந்ததா இல்லையா என்பதை 20 முகப் பகடை சொல்லும். அவ்வளவுதான்.

எங்கள் மேசையில் பணப்பேச்சு எழாமல் இல்லை. வாராவாரம் எழுகிறது. ஆனால் அது பகடை விலையைப் பற்றியது அல்ல, மருத்துவச் செலவைப் பற்றியது. டிராகனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் காப்பீட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுகிறோம். நான் சேர்ந்த புதிதில் இது எனக்கு விநோதமாக இருந்தது. விளையாட வந்த இடத்தில் இவர்கள் ஏன் ஆஸ்பத்திரி பில்லை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இத்தனைக்கும் இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே காப்பீட்டு வாடை உண்டு. ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், சிகாகோவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் அண்டர்ரைட்டராக இருந்தவர். யாருக்கு என்ன ஆபத்து, அதற்கு எவ்வளவு பிரீமியம் என்று கணக்குப் போடும் உத்தியோகம். 1970-இல் அந்த வேலை போனது. பிறகு செருப்புத் தைத்து வயிற்றைக் கழுவிக்கொண்டு, எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் லேக் ஜெனீவாவில், டேவ் ஆர்னசனோடு சேர்ந்து இந்த ஆட்டத்தை எழுதினார். 1974-இல் ஆயிரம் பெட்டிகள் அச்சாகின, பெட்டி பத்து டாலர். விதிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் பட்டியல் பட்டியலாக வரும்: எந்தக் காட்டில் என்ன எதிர்ப்படும், அதற்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று. ஆபத்தை அட்டவணை போட்டுப் பழகிய கை அது என்பது என் எண்ணம்.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த பக்கம் விலைப்பட்டியல். காயம் ஆற்றும் மருந்து ஒரு குப்பி 50 தங்கக் காசு. குடித்தால் நான்கு முகப் பகடை இரண்டை உருட்டி, வரும் எண்ணோடு இரண்டைக் கூட்டி, அத்தனை ஹிட் பாயிண்ட் (பாத்திரத்துக்கு மிச்சமிருக்கும் உயிர்ப்பலத்தின் அளவு) திரும்பக் கிடைக்கும். செத்து ஒரு நிமிடத்துக்குள் உயிர்ப்பிக்க 300 காசு பெறுமானமுள்ள வைரம் வேண்டும். செத்துப் பத்து நாளுக்குள் என்றால் 500 காசு வைரம். எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுந்தால் எல்லாக் காயமும் ஆறிவிடும், அதற்குக் காசே இல்லை; ஆட்டத்தில் அதற்கு நீண்ட ஓய்வு என்று பெயர். சாவுக்குக்கூட விலை அச்சாகியிருக்கிறது! வாங்க முடிகிறதோ இல்லையோ, எவ்வளவு என்பது போருக்குப் போகும் முன்பே தெரியும்.

இனி என் மணிக்கட்டின் கதை.

2024 டிசம்பர் 27 காலை, குப்பைத் தொட்டியைத் தெருவோரம் இழுத்துப் போகும்போது பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தேன். வலது கை மணிக்கட்டில் எலும்பு முறிவு. பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டபோது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே "வேண்டாம், உங்கள் காரில் கொண்டுபோய் விடுங்கள்" என்றேன். இங்கே கொஞ்ச காலம் வாழ்ந்துவிட்டால் இந்தப் பதில் தானாக வாயில் வந்துவிடும். அன்றிரவு ஈரோட்டிலிருந்து அம்மா, "108-ஐக் கூப்பிட்டிருக்கக் கூடாதா கண்ணு?" என்று கேட்டார். ஆம்புலன்ஸ் வந்தால் அதற்குத் தனியாக ஆயிரக்கணக்கில் பில் வரலாம் என்றேன். அம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆம்புலன்ஸுக்கா?" என்றார்.

அவசரப் பிரிவில் மூன்று மணி நேரம் இருந்தேன். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். பதிவு செய்த பெண்மணி அன்பாகத்தான் சொன்னார், தனக்குத் தெரியாது என்று. எக்ஸ்ரே எடுத்தவருக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிகள் தங்கள் விலைகளை இணையத்தில் வெளியிட வேண்டும் என்று 2021 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. வெளியிடவும் செய்கிறார்கள். கணினி படிப்பதற்கென்று செய்த பிரம்மாண்டமான கோப்பு அது. மென்பொருள் வேலை பார்க்கிற நானே திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

ஜனவரி கடைசியில் உறைகள் வரத் தொடங்கின. ஒரே பில் என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரி இடத்துக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று, எக்ஸ்ரே எடுத்ததற்கு ஒன்று, அந்த எக்ஸ்ரேயை எங்கோ உட்கார்ந்து பார்த்தவருக்கு ஒன்று. மொத்தம் 4,118 டாலர். காப்பீட்டு நிறுவனம் பேசி வைத்திருந்த விலைப்படி அது 2,310 ஆகக் குறைந்தது. அந்த 2,310-ம் என் தலையில்தான்.

ஏன் என்று புரிய வைத்தவர் எங்கள் கிளெரிக். ஆட்டத்தில் எங்கள் காயங்களை ஆற்றுகிற அந்த மனிதர், நிஜத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பில் பிரிவில் வேலை பார்க்கிறார். (எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன், நான் போனது அது அல்ல.) உறைகளை வாங்கிப் பகடைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மேசையில் வரிசையாக அடுக்கினார். மாதாமாதம் பிரீமியம் கட்டினாலும், ஆண்டுக்கு முதல் 3,000 டாலர் வரை சிகிச்சைச் செலவு என் கைப்பணம். அதற்குப் பெயர் டிடக்டிபிள். அதைத் தாண்டிய பிறகும் ஐந்தில் ஒரு பங்கு என்னுடையது. 2025-இல் ஒருவர் தலையில் விழக்கூடிய உச்ச வரம்பு 9,200 டாலர் என்று சட்டம் வைத்திருந்தது. அதைத் தொட்ட பிறகுதான், அதுவும் காப்பீட்டுக்கு உட்பட்ட சிகிச்சைக்குத்தான், நிறுவனம் முழுதாகக் கட்டும்.

"சரி, 2,310 கட்டிவிட்டேன். இன்னும் 690 தானே பாக்கி? பிசியோதெரபி ஆரம்பித்தால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்றேன்.

மேசையில் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். டன்ஜன் மாஸ்டர்தான் விளக்கினார்: "டிடக்டிபிள் ஓர் அரக்கன். அதற்கு 3,000 ஹிட் பாயிண்ட். நீ டிசம்பரில் 2,310 வெட்டினாய். ஜனவரி 1 அன்று அது நீண்ட ஓய்வு எடுத்துக்கொண்டு முழுப் பலத்தோடு எழுந்துவிட்டது."

ஐந்து நாள் கழித்து விழுந்திருந்தால் எல்லாச் செலவும் ஒரே ஆண்டுக் கணக்கில் சேர்ந்திருக்கும். பிசியோதெரபி முதல் அமர்விலிருந்து மறுபடி பூஜ்ஜியத்தில் ஆரம்பித்தேன்.

நான்காவது உறையை மட்டும் கிளெரிக் தனியே எடுத்து வைத்தார். எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் என் காப்பீட்டு நெட்வொர்க்கில், அதாவது நிறுவனம் விலை பேசி வைத்திருக்கும் மருத்துவர்கள் பட்டியலில், இல்லாதவர் என்பதால் மீதித் தொகையையும் என்னிடமே கேட்டிருந்தார்கள். "இதைக் கட்டாதே. 2022-இலிருந்து அவசரச் சிகிச்சைக்கு இப்படிக் கேட்கக் கூடாது, சட்டம் இருக்கிறது" என்றார். மறுநாள் தொலைபேசியில் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்னேன். இரண்டு வாரத்தில் திருத்திய பில் வந்தது. அதே சட்டம் தரைவழி ஆம்புலன்ஸுக்குப் பொருந்தாது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு நான் சொன்ன பதில் சரிதான் போலிருக்கிறது.

அவர் வாராவாரம் யாருக்காவது சொல்கிற இன்னொன்று: விவரமான பில்லைக் கேட்டு வாங்காமல் ஒரு டாலர்கூடக் கட்டாதே. லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரி என்றால் வசதி குறைந்தவர்களுக்கு உதவித் திட்டம் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும், முதல் பில் வந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். இதை அறியாமல் எத்தனையோ பேர் கடன் அட்டையில் கட்டிவிட்டு வட்டிக்கு அழுகிறார்கள் என்று அலுத்துக்கொள்வார். அவரைப் பார்க்கும்போதெல்லாம், ஆட்டத்தில் இவர் எதற்கு மந்திரம் போட்டுச் சிரமப்படுகிறார், ஆளுக்கொரு படிவத்தை நீட்டினால் போதாதா என்று தோன்றும்.

எங்கள் மேசையின் இளையவன் விளையாட்டுக் கடையொன்றில் பகுதிநேர வேலை பார்க்கிறான். பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம் என்று 2010-இல் வந்த சட்டம் சொல்கிறது. அவனுக்கு 26 ஆன வாரம் கேக் வெட்டினோம், உடனே கிளெரிக் மடிக்கணினியைத் திறந்து தனியாள்கள் காப்பீடு வாங்குகிற அரசுச் சந்தைத் தளத்தில் அவனுக்குத் திட்டம் தேட உட்கார்ந்துவிட்டார். அறுபது நாளுக்குள் எடுக்காவிட்டால் அடுத்த சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டும். அன்று ஆட்டம் நடக்கவில்லை. திருடன் பாத்திரம் ஆடுகிற பையன், வெள்ளித் திட்டமா வெண்கலத் திட்டமா என்று இரண்டு மணி நேரம் திணறினான். இதைவிடக் கடினமான பொறியை அவன் அவிழ்த்து நான் பார்த்ததில்லை.

இந்தப் பேச்சு எங்கள் மேசையோடு நிற்பதில்லை. இந்த ஆட்டத்துக்குக் கதை எழுதுகிறவர்களும் படம் வரைகிறவர்களும் பெரும்பாலும் சொல்லுக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். காப்பீடு வேலையோடு ஒட்டிய நாடு இது. இரண்டாம் உலகப் போரில் சம்பள உயர்வுக்குத் தடை வந்தபோது, ஆளை இழுக்க முதலாளிகள் காப்பீட்டை நீட்டினார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது. மாதச் சம்பளம் இல்லாத எழுத்தாளர் நோயில் விழுந்தால் ரசிகர்கள்தான் உண்டியல் குலுக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் நிலையும் ஓர் அறிவிப்பு வரும் வரைதான். ஆட்டத்தின் இன்றைய உரிமையாளரான ஹாஸ்ப்ரோ 2023 டிசம்பரில் சுமார் 1,100 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. வேலை போனவர் பழைய காப்பீட்டைப் பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம், ஆனால் முழு பிரீமியத்தையும் அதன் மேல் இரண்டு சதவீதத்தையும் தானே கட்ட வேண்டும். நிறுவனங்கள் வழியாக எடுக்கும் குடும்பக் காப்பீட்டின் சராசரி பிரீமியம் 2024-இல் ஆண்டுக்கு 25,572 டாலர். சம்பளம் நின்ற மாதத்தில்தான் அந்த எண்ணை முதன்முதலாகப் பார்ப்பார்கள்.

ஆகவே பகடை விலைக்குப் பயந்து யாரும் இந்த ஆட்டத்தை விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. வேறு காரணத்துக்கு விட்டவர் எங்கள் மேசையிலேயே இருக்கிறார்.

மந்திரவாதியாக ஆடியவர் ஓவியர். புத்தக அட்டை வரைந்து பிழைத்தவர். எங்கள் பாத்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் பென்சில் படம் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். சர்க்கரை நோயாளி. அரசு மானியத்தோடு அதே அரசுச் சந்தையில் காப்பீடு வாங்கிவந்தார். 2021-இல் கூட்டிய மானியம் 2025 முடிவு வரைக்கும்தான் என்று சட்டத்தில் இருந்தது. அந்தத் தேதி நெருங்க நெருங்க அவர் மேசையில் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் சுமார். காப்பீடு உண்டு. வேலை நாட்களில் வியாழன் இரவும் ஒன்று.

எங்கள் கதையில் அவருடைய மந்திரவாதி ஒரு மலையடிவாரச் சத்திரத்தில் நீண்ட ஓய்வில் இருக்கிறாள். எட்டு மணி நேரம் என்று விதியில் இருப்பதை டன்ஜன் மாஸ்டர் யாரையும் கேட்காமல் நீட்டிவிட்டார். அவளுடைய விவரங்கள் எழுதிய தாள் இன்னும் கோப்பில் முதலாவதாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதிகாலை வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் முன் அவர் குழுவுக்குச் செய்தி அனுப்புவார், நேற்று என்ன நடந்தது என்று. நடந்ததை நான்தான் எழுதி அனுப்புகிறேன், மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் வலிப்பதால் இடைவெளி விட்டு விட்டு. போன வாரம் ஒரு குகையில் புதையல் கிடைத்தது என்று எழுதினேன். தன் பங்கு எவ்வளவு என்று கேட்டார்.

340 காசு. அவர் தாளில் குறித்து வைத்திருக்கிறோம்.