ஆயிரம் லிட்டர் தண்ணிக்கு 1,750 ரூபாய்

வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்

கேள்வி: ஐயா, திருப்பூர் 15 வேலம்பாளையம் பக்கம் லைன் வீட்ல குடியிருக்கறோம். பத்து வீட்டுக்கு ஒரே குழாய். நல்ல தண்ணி வாரத்துக்கு ஒருக்காத்தான் வருது, அதும் எந்நேரம் வரும்னு தெரியாது. நான் பனியன் கம்பெனில செக்கிங் வேலைக்குப் போறேன். தண்ணி வர்ற அன்னிக்கு அரை ஷிப்ட் போயிருது. மத்த நாளெல்லாம் போர்த் தண்ணிதான். மோட்டார் கரண்ட்டுக்குன்னு வீட்டுக்காரர் மாசம் 150 வாங்கிட்டு இருந்தார், இப்ப 350 ஆக்கிட்டார். கேன் 35 ரூபா, மாசம் இருபது கேன் ஆகுது. சம்பளம் ஏறுல. என்னதானுங்க பண்றது?
– பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி

பதில்: அம்மணி, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இருபது கேன் என்றால் 400 லிட்டர், 700 ரூபாய். அப்படியானால் ஆயிரம் லிட்டருக்கு நீங்கள் கொடுப்பது 1,750 ரூபாய். திருப்பூருக்குக் காவிரிக் கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு தண்ணீர் கொண்டுவந்த திட்டம் 2005-06 வாக்கில் ஓடத் தொடங்கியது. ஆலைகளுக்குக் கூடுதல் விலை, குடியிருப்புகளுக்குக் குறைந்த விலை என்று பிரித்துத்தான் அதற்குக் கணக்குப் போட்டார்கள். அந்தக் கூடுதல் விலை கொடுக்கும் சாயப்பட்டறையை விடவும் லிட்டருக்குப் பல மடங்கு நீங்கள் கொடுக்கிறீர்கள். சனிக்கிழமை சம்பளத்தை எண்ணி வாங்கும் ஒரு குடும்பம்தான் ஊரிலேயே அதிக விலைக்குத் தண்ணீர் வாங்குகிறது. இது அநியாயம். அப்படித்தான் சொல்ல முடியும்.

கேனை நிறுத்துங்கள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் பகுதிப் போர்த் தண்ணியில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, அதனால் கேஸும் சோப்பும் கூடத் தீரும். சாயக்கழிவை ஆற்றில் கலக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் பட்டறைகளையே மூடச் சொன்னது. ஆனால் அதற்கு முன்பே மண்ணுக்குள் இறங்கிவிட்ட உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. பலர் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு கூடத்தான் செய்யும். குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும் நல்ல தண்ணி, மற்றதற்கெல்லாம் போர்த் தண்ணி. நல்ல தண்ணி பிடித்து வைக்கும் டிரம்முக்கு இறுக்கமாக மூடி போடுங்கள். டெங்குக் கொசு அதில்தான் முட்டை வைக்கும்.

இனி அந்த 350 ரூபாய். ஒன்றரை எச்.பி. மோட்டார், தினமும் இரண்டு மணி நேரம் என்று வைப்போம். மணிக்கு ஒன்றரை யூனிட் வீதம் மாதம் 90 யூனிட். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்றே வைத்தாலும் 810 ரூபாய். பத்து வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 81. மோட்டாருக்குக் காயில் கட்ட, பைப் மாற்ற என்று அதே அளவு சேர்த்தாலும் 162. பழைய 150 ரூபாய் ஏறக்குறைய நியாயமான தொகைதான். போர் ரொம்ப ஆழம், மோட்டார் பெரிது என்றால் கணக்கு மாறும், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் பில்லைக் கேளுங்கள் என்கிறேன். தனியாகப் போய்க் கேட்காதீர்கள், பத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்து போங்கள். "அண்ணா, கரண்ட் பில்லைக் காட்டுங்க, வந்ததைப் பங்கு போட்டுக் குடுத்தர்றோம்" என்று மரியாதையாகவே கேட்கலாம்.

கேட்டதற்காகத் தண்ணியை நிறுத்தினால் அது சட்டப்படி தப்பு. 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன் 20ஆவது பிரிவுப்படி, குடியிருப்பவருக்குத் தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். லைன் வீடுகளில் எழுத்து ஒப்பந்தம் பெரும்பாலும் இருக்காது என்பது எனக்குத் தெரியும். அதனால் வாடகை கொடுப்பதை ஜிபே மாதிரி பதிவு இருக்கும் வழியில் கொடுங்கள், நாளைக்கு உதவும்.

எனக்கு அதிகம் வலிப்பது அந்த அரை ஷிப்ட். கேன் காசு கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரிவதில்லை. வால்வு திறந்த வேலையில் நான் பார்த்தது: தண்ணீர் வரும் நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை, ஒரு ஆள் சாவி போட்டுத் திருப்புகிறார். உங்கள் வார்டில் திறந்து விடுகிறவர் யார் என்று விசாரித்து, வேலை முடிந்து வரும் நேரத்துக்கோ விடிகாலைக்கோ மாற்ற முடியுமா என்று மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு மனு கொடுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவின் நகல். இன்னொன்றும் பாருங்கள்: தெருவில் யாராவது குழாயிலேயே நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்களா? அப்படி இருந்தால் உங்கள் குழாயில் பிரஷர் ஏறவே ஏறாது. அது சட்டவிரோதம், மோட்டாரைப் பறிமுதல் செய்யலாம். மனுவில் இதையும் எழுதுங்கள்.

கேள்வி: கோவையில் சிறுவாணித் தண்ணி வரும் பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். எல்லோரும் ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கிறார்கள். தவணையில் வாங்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: வேண்டாம். ஆர்.ஓ. என்பது உப்பை எடுக்கிற மெஷின். சிறுவாணித் தண்ணியில் எடுக்கிற அளவுக்கு உப்பே இல்லை. கழிவாகப் போகும் தண்ணிக்கும் சேர்த்துக் காசு கட்டுவீர்கள். கிருமிப் பயம் இருந்தால் காய்ச்சிக் குடியுங்கள். அந்தத் தவணைக் காசு குழந்தை படிப்புக்கு ஆகும்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் தெருக்குழாயை எடுத்துவிட்டு, எல்லோரும் வீட்டு இணைப்பு வாங்க வேண்டும் என்கிறார்கள். தறிக்கூலியில் பிழைக்கிறவர்களால் மொத்தமாகக் கட்ட முடியவில்லை.
– வாசகர், சென்னிமலை வட்டாரம்

பதில்: கிராமத்தில் வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் வீட்டுக்குள் வர வேண்டும் என்பது கணக்கு. ஊருக்குள் குழாய் போடும் வேலையின் செலவில் மக்கள் பங்கு பத்தில் ஒன்று. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் இருக்கும் ஊர்களில் இருபதில் ஒன்று. அந்தப் பங்கைப் பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை, பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம் என்று விதிமுறையிலேயே இருக்கிறது. இதைப் பல ஊர்களில் சொல்வதே இல்லை. மார்ச் 22 தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். அதற்குள் பணம் கட்ட முடியாத வீடுகளின் பட்டியலை எடுத்து வையுங்கள். யாரிடம் எதற்கு எவ்வளவு கேட்டார்கள், ரசீது கொடுத்தார்களா என்பதையும் எழுதுங்கள். எல்லா வீட்டுக்கும் இணைப்பு வரும்வரை தெருக்குழாயை எடுக்கக் கூடாது என்று தீர்மானம் போடச் சொல்லி, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு எழுந்து வாருங்கள்.