வீட்டு ஸ்டீரியோவுக்கு எத்தனை வாட்ஸ்? ராயபுரத்திலிருந்து கேள்வி பதில்

ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) அசெம்பிள், ரிப்பேர் இரண்டும் 20 வருடத்துக்கு மேலாகப் பார்க்கிறேன். வீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்கிற ஸ்டீரியோ பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை: அண்ணா, 10க்கு 12 ரூம். சின்ன ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினேன், 87 டெசிபல், 8 ஓம். 150 வாட்ஸ் ஆம்ப் இல்லாவிட்டால் பாடாது என்கிறார்கள். நிஜமா?

இல்லை தம்பி. 87 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் வருகிற சத்தம். நீ உட்காருவது 7 அடி தூரம், அதாவது இரண்டு மீட்டர். திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும், நாலு சுவருக்குள் 4 என்று வைத்துக்கொள். ஸ்பீக்கர் இரண்டு, அதனால் 3 ஏறும். ஆக, ஆளுக்கு ஒரே ஒரு வாட்டில் 86 டெசிபல் உன் காதுக்கு வந்துவிடுகிறது. எட்டு மணி நேர வேலைக்கு, வேலையிடப் பாதுகாப்பைப் பார்க்கிற அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வைத்திருக்கிற சத்த எல்லையே 85தான்!

அப்புறம் எதற்கு மீதி வாட்ஸ்? பாட்டு ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. தவிலில் ஒரு அடி, ட்ரம்மில் ஒரு உருட்டு வந்தால் சராசரியைவிட 15 டெசிபல் மேலே எகிறும். 3 டெசிபல் ஏற வாட்ஸ் இரண்டு மடங்கு, 10 ஏற பத்து மடங்கு, 15 ஏற கிட்டத்தட்ட 32 மடங்கு. ஒரு வாட் 32 வாட்ஸ் ஆகிறது, அந்த நொடிக்கு மட்டும். உனக்கு நேர்மையான 40, 50 வாட்ஸ் தாராளம். 150க்குப் போனாலும் 50ஐவிட 5 டெசிபல்கூடக் கூடுதலாக வராது. சத்தம் இரண்டு மடங்கானதாகக் காதுக்குப் படவே பத்து மடங்கு வாட்ஸ் ஆகும்.

என் கணக்கை நம்ப வேண்டாம், நீயே அளந்து பார். வழக்கமாக நீ கேட்கிற உச்ச சத்தத்தில் வால்யூமை வைத்துவிட்டு, குமிழைத் தொடாமல் ஆம்பை நிறுத்தி ஸ்பீக்கர் வயரைக் கழற்று. முழு அளவில் பதிவான 120 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பார். என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி வந்து குறைக்கச் சொல்கிற அளவுக்கு 9 வோல்ட் காட்டியது. 9ஐ 9ஆல் பெருக்கி 8 ஓமால் வகுத்தால் 10 வாட்ஸ். என் காதுக்குத் தேவைப்படுகிற உச்சமே அவ்வளவுதான். ஆனால் வால்வ் ஆம்பில் இதைச் செய்யாதே, ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கொருக்குப்பேட்டை: அசெம்பிள் செட் ஒன்று வாங்கினேன், 200+200 என்று ஸ்டிக்கர். உள்ளே 12-0-12, 5 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர். சரியா இருக்குமா சார்?

ஸ்டிக்கரைக் கிழித்துப் போடுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் பொய் சொல்லாது. 12-0-12 என்றால் நடுவிலிருந்து பக்கத்துக்கு 12 வோல்ட் ஏசி. அதை டிசி ஆக்கினால் பக்கத்துக்கு 17 வோல்ட். லோடு ஏறினதும் இறங்கி, சத்தத்தைப் பெருக்குகிற ஐசியும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்று, ஸ்பீக்கருக்குப் போவது 14 வோல்ட் உச்சம். இது மீட்டர் காட்டுகிற வோல்ட் இல்லை, அலையின் உச்சம், அதனால் 14ஐ 14ஆல் பெருக்கி ஓமால் வகுத்து அதில் பாதிதான் எடுக்க வேண்டும்: 8 ஓமுக்கு 12 வாட்ஸ், 4 ஓமுக்கு 24 வாட்ஸ் கிடைக்கும். மற்றபடி மோசமான செட் இல்லை. உள்ளே டிடிஏ2050 ஐசி இருந்தால் சின்ன ரூமுக்கு அருமையாகப் பாடும். 200 என்று சொல்லி விற்றதுதான் தப்பு.

திருவொற்றியூர்: என்னுடையது 3000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. ஆர்.எம்.எஸ். எவ்வளவு இருக்கும்?

ஆர்.எம்.எஸ். என்பது ஆம்ப் தொடர்ந்து தருகிற வாட்ஸ். பி.எம்.பி.ஓ. என்பது ஒரு கணம் மட்டும் வருவதாகச் சொல்கிற உச்ச வாட்ஸ், அவரவர் இஷ்டத்துக்குப் போடுகிற எண். அதிலிருந்து ஆர்.எம்.எஸ்.க்கு வாய்ப்பாடு கிடையாது. 3000 வாட்ஸ் நிஜமாக இழுத்தால் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர், உங்கள் 6 ஆம்பியர் ப்ளக் கருகிவிடும். பின்பக்கம் கரண்ட் எடுக்கும் அளவு போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். அதில் 60 வாட்ஸ் என்று இருந்தால் அதற்குமேல் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து எங்கிருந்து வரும்?

புளியந்தோப்பு: 5000 பி.எம்.பி.ஓ. நல்லதா?

மேலே படியுங்கள்.

வியாசர்பாடி: நான் 25 வருஷமா சவுண்ட் சர்வீஸ். 500 வாட்ஸ் எங்களுக்கே பத்துவதில்லை, நீங்கள் 40 போதும் என்று எழுதுகிறீர்கள். சின்ன ஆம்ப் ட்வீட்டரை எரிக்கும் என்றும் சொல்வீர்கள். நான் பார்த்தவரை எரித்ததெல்லாம் பெரிய ஆம்ப்தான்.

அண்ணே, உங்கள் வேலை தெருவில். கடைசி வரிசை ஆள் 30 மீட்டரில் நிற்கிறார், சுவர் கிடையாது, கூட்டம் வேறு சத்தம் போடுகிறது. அந்தக் கணக்கு 7 அடி ரூமுக்கு வராது.

ட்வீட்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் பாதி சரி. ட்வீட்டர், அதாவது மேல் ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர், அதை எரிப்பது சூடு. நிதானமாகத் திருப்பினால் 5 வாட்ஸ் ஆம்ப் எதையும் எரிக்காது. ஆனால் 20 வாட்ஸ் ஆம்பை முழுசாகத் திருப்பி பாஸையும் ஏற்றினால் அலையின் தலை தட்டையாகிறது, இதைத்தான் கிளிப் ஆவது என்கிறோம். தட்டையான அலையில் அதே ஆம்ப் 40 வாட்ஸ் வரைகூடத் தள்ளும். பாஸ் அதற்குமேல் ஏற முடியாமல் நிற்க, மேல் ஸ்தாயி மட்டும் ஏறிக்கொண்டே போகும். அத்தனையும் ட்வீட்டர் தலையில் விழுகிறது.

வியாசர்பாடி: நான் பிரித்துப் பார்த்த ட்வீட்டர் கம்பிச் சுருள் எல்லாம் காபித்தூள் கலரில் கருகியிருந்தது. ஆம்ப் 300 வாட்ஸ்.

நானும் அதே நிறத்தில் பார்த்திருக்கிறேன், ஆம்ப் 25 வாட்ஸ். ஒரு கல்யாண வீட்டுப் பையன் ராத்திரி முழுக்கக் கரகரவென்று ஓட்டியிருக்கிறான். 300 வாட்ஸ் கிளிப் ஆகாமலே எரிக்கும், 25 வாட்ஸ் கிளிப் ஆகி எரிக்கும். சத்தம் கரகரத்தால் உடனே குறையுங்கள் என்றுதான் இரண்டு பேருக்கும் சொல்கிறேன்.

பெரம்பூர்: அவர் சொல்வதுதான் சரி அண்ணா, கிளிப்பிங் எல்லாம் புத்தகத்தில்தான்.

ஆசிலாஸ்கோப்பில் காட்டுகிறேன், கடைக்கு வா. பாஸ் குமிழை 10 டெசிபல் ஏற்றினால் பாஸுக்கு மட்டும் பத்து மடங்கு வாட்ஸ் போகிறது, அதையும் அங்கேயே பார்க்கலாம்.

மணலி: காருக்கு எத்தனை வாட்ஸ்?

கார் என் துறை இல்லை.

காசிமேடு: ஒரு பக்கம் சத்தம் விட்டு விட்டு வருகிறது. பவர் பத்தவில்லையா?

பவர் இல்லை, உப்புக் காற்று. டெர்மினலில் பச்சை பிடித்திருக்கும். வயர் முனையை வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை: ஒரே ஆம்பில் நாலு ஸ்பீக்கர் மாட்டலாமா?

பக்கத்துக்கு இரண்டு 8 ஓம் பேரலலில் 4 ஓம் ஆகும், ஆம்ப் 4 ஓம் தாங்கும் என்று போட்டிருந்தால் மட்டும் மாட்டுங்கள். மூன்றாவதைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

கொடுங்கையூர்: 10000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ....

இதற்கு இனி பதில் எழுத மாட்டேன்.

தண்டையார்பேட்டை: அண்ணா, முதல் கேள்வி கேட்டவன். வரிசை வீடு, ஒரே சுவர். ராத்திரி மெதுவாகக் கேட்டால் பாஸ் செத்துவிடுகிறது. பெரிய ஆம்ப் போட்டால் வருமா?

வராது தம்பி. குறைந்த சத்தத்தில் பாஸைக் குறைத்துக் கேட்பது நம் காதின் இயல்பு. லவுட்னஸ் பட்டன் அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள், ராத்திரி போடு, பகலில் எடுத்துவிடு. ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 முதல் காலை 6 வரை வெளியே இருக்கலாம் என்கிற எல்லையே 45 டெசிபல். நீ 65ல் கேட்டால் ரூமுக்குள் நன்றாகவே கேட்கும். அதற்கு உன் ஸ்பீக்கர் எடுப்பது ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.