விஎம்களின் (ஒரே சர்வரில் இயங்கும் மெய்நிகர் கணினிகளின்) வளப் பகிர்வு: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): எங்கள் டேட்டாபேஸ் விஎம்முக்கு 4 விசிபியுவுக்குப் பதிலாக 16 கொடுத்தோம். முன்பைவிட மெதுவாக ஓடுகிறதே, ஐயா?

பதில்: விசிபியு என்னும் மெய்நிகர் செயலி, சர்வரின் கோர்களில் (உண்மையான செயலிப் பகுதிகளில்) ஓடக் கிடைக்கும் வாய்ப்பே தவிர, தனிச் சொத்தன்று. ஒரு விஎம்மின் விசிபியுக்களில் சில முன்னே ஓடி, மற்றவை கோர் கிடைக்காமல் பின்தங்கினால், விஎம்வேர் நிறுவனத்தின் ஹைப்பர்வைசர் (விஎம்களுக்கு வளங்களைப் பங்கிடும் மென்பொருள்) முன்னே சென்றவற்றை நிறுத்திவைக்கிறது. எனவே நெரிசலான சர்வரில் எண்ணிக்கையைக் கூட்டக் கூட, காத்திருப்பும் கூடுகிறது. ‘சிபியு ரெடி’ அளவை, அதாவது விசிபியு ஓடத் தயாராக இருந்தும் கோருக்காகக் காத்திருந்த நேரத்தை, பாருங்கள். 20 விநாடி மாதிரியில் ஒரு விசிபியுவுக்கு 1,000 மில்லிவிநாடி என்றால் 5 சதவீதம். அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். நான் பார்த்த ஒரு சர்வரில் இது 3,000 வரை ஏறியிருந்தது. விஎம்மை 16இலிருந்து 6 ஆகக் குறைத்ததும் 400க்குக் கீழே இறங்கியது. விடிந்த பிறகும் இழுத்துக்கொண்டிருந்த இரவு நேர வேலைகள் அதிகாலைக்குள் முடிந்தன. வேண்டியதைவிட அதிகமாகக் கேட்டு வாங்குவது அந்த விஎம்முக்கும் அதன் அண்டை விஎம்களுக்கும் கேடு என்பதை ஒவ்வொரு அணியும் உணர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): 256 ஜிபி ரேம் உள்ள சர்வரில் 320 ஜிபி பங்கிட்டுள்ளோம். பலூன் டிரைவரை நீக்கிவிடலாமா?

பதில்: தயவுசெய்து நீக்காதீர்கள். விஎம்முக்குள் இருந்தபடி ரேமை மீட்டுத் தரும் சிறு மென்பொருள் அது. பங்கிட்ட அளவைவிட, உண்மையில் புழங்கும் அளவே முக்கியம். பற்றாக்குறை வரும்போது பலூன் விஎம்முக்குள்ளேயே ஊதிப் பெருகுவதால், ரேமின் எந்தப் பக்கங்களை (பகுதிகளை) விட்டுக்கொடுக்கலாம் என்பதை உள்ளிருக்கும் இயங்குதளமே தீர்மானிக்கிறது. பலூன் இல்லையென்றால், எது முக்கியம் என்று அறியாத ஹைப்பர்வைசர் அவற்றைச் சுருக்கியோ டிஸ்க்குக்கு மாற்றியோ (ஸ்வாப்) இடம் தேடும். ஸ்வாப் தொடர்ந்து நடந்தால் வேகம் படுத்துவிடும். டேட்டாபேஸ், ஜாவா விஎம்களுக்கு மட்டும் ரேமை முன்பதிவு செய்யுங்கள்.

கேள்வி (அல்சூர்): ஷேர்ஸை (விஎம்மின் முன்னுரிமைப் பங்கை) ‘ஹை’ என வைத்தால் வேகம் கூடுமா?

பதில்: போட்டி இருக்கும்போது மட்டும். சர்வர் சும்மா இருக்கையில் அந்த அமைப்பால் எந்த மாற்றமும் இராது.

கேள்வி (ஜெயநகர்): தின் டிஸ்க் (எழுத எழுத மட்டுமே இடம் எடுத்துக்கொள்ளும் மெய்நிகர் டிஸ்க்) பாதுகாப்பானதா?

பதில்: பாதுகாப்பானதே, ஆனால் டேட்டாஸ்டோர் (விஎம்களின் டிஸ்க்குகள் இருக்கும் சேமிப்பிடம்) நிரம்பினால், மேலும் இடம் கேட்கும் விஎம்கள் அப்படியே நின்றுவிடும். ஆகவே 80 சதவீதத்தில் எச்சரிக்கை வருமாறு இன்றே அமைத்துவிடுங்கள்.