மீசையும் சீப்பும் மாமாவுடையவை

கேள்வி: வேலூரில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சினிமா, பஸ், எங்கள் ஊர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கிண்டலடித்து எழுதுவேன், கார்ட்டூனும் போடுவேன். சென்ற மாதம் என் தாய்மாமா தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்குத் தெருமுனையில் தானே ஒரு ஃப்ளெக்ஸ் வைத்துக்கொண்டார். (போன ஆடியில் நெஞ்சுவலி வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்ததிலிருந்தே அவர் அலப்பறை தாங்கவில்லை.) அதை வைத்து வகுப்புக் கையெழுத்து இதழில் ஒரு கார்ட்டூன் போட்டேன். ஃப்ளெக்ஸில் மாமா கும்பிட்டபடி நிற்கிறார், கீழே ஒரு பாட்டி இன்னொரு பாட்டியிடம், "ஐயோ பாவம், எப்போ எடுக்கறாங்களாம்?" என்கிறாள். பெயர் போடவில்லை. ஆனால் மீசையும், சட்டைப் பாக்கெட்டில் துருத்திக்கொண்டிருக்கும் சீப்பும் மாமாவுடையவை. எவனோ போட்டோ எடுத்து அனுப்ப, வாட்ஸ்அப்பில் சுற்றி மாமாவுக்கே போய்விட்டது. மூன்று வாரமாக அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. "உன் ஜோக்கால என் பொறந்த வூடே போச்சு" என்கிறார் அம்மா. கிண்டல் எழுதுவதையே விட்டுவிடவா? கார்ட்டூனோடு என் மூன்று கட்டுரைகளையும் அனுப்பியிருக்கிறேன். சிரிப்பு வருகிறதா, சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், சத்துவாச்சாரி

பதில்: தம்பி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கார்ட்டூனைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்த பக்கத்து மேஜைக்காரரும் சிரித்தார். நம்மூரில் பிறந்தநாள் ஃப்ளெக்ஸுக்கும் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கும் ஒரு மாலைதான் வித்தியாசம். கும்பிட்ட கை அதே, வெள்ளைச் சட்டை அதே, கீழே வரிசையாக ஸ்டாம்பு சைஸ் தலைகளும் அதே. நாமெல்லாம் தினம் பார்த்துக்கொண்டே போவதை ஒரு பாட்டியின் வாயில் ஒற்றை வரியாக வைத்துவிட்டீர்கள்.

அப்புறம் கடிதத்தை இன்னொரு தரம் படித்தேன். அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அங்கே நின்றுவிட்டேன். ஆடியில் நெஞ்சுவலி. நாலு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்த மனுஷன் கைக்காசு போட்டு ஃப்ளெக்ஸ் வைக்கிறார். "நான் பெரிய ஆள்" என்று அவர் பீற்றிக்கொள்வதாக உங்களுக்குப் பட்டிருக்கிறது. எனக்கென்னவோ "இன்னும் இருக்கேன்டா" என்று அவர் சொல்வதுபோலக் கேட்கிறது. அந்த ஆளை அண்ணாந்து பார்த்துத்தான் உங்கள் பாட்டி எப்போ எடுக்கிறார்கள் என்று விசாரிக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தக் கேள்வி அவருக்கே எத்தனை ராத்திரி வந்ததோ. மீசையையும் சீப்பையும் வரைந்ததற்கு எந்த மாமாவும் மூன்று வாரம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் ஆரணிப் பக்கத்துக்காரன். அங்கே திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. எனக்குப் பத்து வயசிருக்கும். முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்து, பாதி ராத்திரிக்கு மேல் அப்படியே தூங்கி விழுந்துவிட்டேன். மேடையில் துரியோதனன் தர்பார். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் சபையை நிறுத்திவிட்டு என்னைக் கைகாட்டி, "ராஜா, நம்ம தர்பார்ல ஒருத்தன் குறட்டை விட்டுனு கீறான். எனக்குத்தான் இந்த உத்தியோகத்துல சம்பளமும் இல்ல, தூக்கமும் இல்ல. அவனுக்கு ஒண்ணாவது இருக்குது, எழுப்பாதீங்க" என்றான். ஊரே சிரித்தது. எழுந்து உட்கார்ந்த நானும் சிரித்தேன். அழவில்லை. ஏன் அழவில்லை என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். என்னை ஒரு குத்து குத்திய கை, அதே வாக்கியத்தில் அவனையும் ஒரு குத்து குத்தியிருந்தது. ராஜாவுக்கும் ஒன்று விழுந்தது. சம்பளம் கொடுக்காதவர் அவர்தானே.

உங்கள் கார்ட்டூனில் மாமா இருக்கிறார், பாட்டிகள் இருக்கிறார்கள். நீங்கள் எங்கே? ஃப்ளெக்ஸின் அடியில் ஸ்டாம்பு சைஸ் தலைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பதினாலு தலை. ஒன்றுக்கும் முகம் இல்லை, வெறும் வட்டம். அசல் ஃப்ளெக்ஸில் 'அன்பு மருமகன்' என்று உங்கள் படமும் இருந்திருக்குமே! கூலிங் கிளாஸ் போட்டு, மோவாய்க்குக் கையை முட்டுக்கொடுத்து? இல்லையென்றால் நான் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன்.

கார்ட்டூனுக்குப் பல் இருக்கக்கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பாரதி 1906-ல் 'இந்தியா' வார இதழில் கருத்துப்படம் போட்டது வெள்ளைக்காரனைக் கொஞ்சுவதற்காக இல்லை. 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் பற்றி ஒரு சிரிப்பு வந்தது. சட்டமன்றம் கொதித்தெழுந்து ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதச் சிறை என்று தீர்மானித்தது. ஊர் முழுக்க எதிர்ப்பு கிளம்பவே, இரண்டொரு நாளில் விட்டுவிட்டார்கள். பிறகு வழக்கு நடந்து, ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு தரச் சொன்னது உயர் நீதிமன்றம். ஒரு ஜோக்குக்கு அவ்வளவு பெரிய கட்டடமே ஆடிப்போயிற்று. ஆனால் அங்கே வலித்தவர்களுக்குச் சட்டமன்றம் இருந்தது, சபாநாயகர் இருந்தார், போலீஸ் இருந்தது. உங்கள் மாமாவிடம் இருந்தது ஒரு வழிதான்: அக்கா வீட்டுக்கு வராமல் இருப்பது. அதைச் செய்துவிட்டார்.

இனி கட்டுரைகள்.

முதல் கட்டுரை, சினிமா. கதாநாயகன் அறிமுகக் காட்சியில் முதலில் செருப்பு தெரிகிறது, பிறகு முதுகு, அப்புறம் நூறு பேர் பந்துபோல் எகிறி விழுகிறார்கள். தம்பி, இதைக் கிண்டலடித்து முடித்து, அந்தக் கிண்டலையும் சினிமாக்காரர்களே படமாக எடுத்துவிட்டார்கள். நீங்கள் தாமதம். ஆனால் இதே படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி போய், விசிலடித்து, காகிதம் கிழித்துப் போட்டதாகக் கடிதத்தின் அச்சில் வராத பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். கிழித்தது என்ன காகிதம் என்பதையும் எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் சொந்தக் கணக்குப்பதிவியல் நோட்டு! மறுநாள் டெஸ்ட்டாம். கட்டுரையில் இது எங்கே போயிற்று? தலைக்கு மேலே பறந்து வந்த துண்டு ஒன்றில் தன் கையெழுத்தில் 'பற்று' என்று பார்த்த ஆள் எழுதவேண்டிய கட்டுரையை, வீட்டில் உட்கார்ந்து போனில் படம் பார்த்தவன்போல எழுதியிருக்கிறீர்கள். வடிவேலுவை ஏன் இன்னும் விடமாட்டேன் என்கிறோம்? சவடால் விடுவதும் அவர், அடி வாங்குவதும் அவர். 2019 மே மாதம் 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் அவர் நடித்த நேசமணிக்காக ட்விட்டரில் உலகமே பிரார்த்தனை செய்ததே, அங்கேயும் சுத்தியல் விழுந்தது அவர் தலையில்தான்.

இரண்டாவது, ஊர்ப்பெருமை. நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், அழகில்லாப் பெண்கள். இதை என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவருக்கும் யாரோ தாத்தா சொல்லியிருப்பார். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்பி வந்துவிட்டார். அந்தக் கோயிலில் இப்போது பிரதோஷக் கூட்டத்தில் செருப்பு தொலைகிறது. பாலாற்றில் 2021 நவம்பரில் கரைபுரண்ட வெள்ளம். பாலத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டது இதே ஊர். கடைசி வரியைக் கட்டியவன் அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டானோ, தெரியாது. பழைய ஜோக்கை எடுக்கும்போது பால் பாக்கெட்டைப் பார்ப்பதுபோல் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலூரைக் கிண்டல் பண்ண விஷயமா இல்லை? 1989-ல் வட ஆற்காட்டை இரண்டாக்கினார்கள். 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாக்கினார்கள். இத்தனைக்கும் உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் 'வ.ஆ. மாவட்டம்' என்றே இன்னும் ஒரு பெரியப்பா அச்சடிக்கிறார். அவரைப் பற்றி எழுதுங்கள். (நெஞ்சுவலி உண்டா என்று கேட்டுக்கொண்டு.)

மூன்றாவதைக் கடைசியில் செருகியிருக்கிறீர்கள், 'சும்மா எழுதியது' என்ற குறிப்போடு. சத்துவாச்சாரியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிறீர்கள். கண்டக்டர் சில்லறை இல்லை என்று டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கியைக் கிறுக்கிக் கொடுக்கிறார். இறங்கும் அவசரத்தில் கேட்க மறக்கிறீர்கள், அல்லது கேட்க வெட்கப்படுகிறீர்கள். அப்படிச் சேர்ந்த ஆறு டிக்கெட்டையும் வைத்து ஒரு பேரேடு போட்டிருக்கிறீர்கள்! 'கண்டக்டர் கணக்கு' என்று தலைப்பு, பற்று வரவு இரண்டு பக்கமும் கோடு, வருஷக் கடைசியில் 'வாராக்கடன்', அதற்குக் கீழே, வருமோ வராதோ என்ற பாக்கிக்காக 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு'. வகுப்புப் பெண்களுக்கு 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் இலவசம் என்பதால் 'அவர்கள் ஏட்டில் இந்தக் கணக்கே இல்லை' என்று அடிக்குறிப்பு வேறு. நடுவில் ஒரு நாள் அதே கண்டக்டர் உங்களைக் கூப்பிட்டு, "தம்பி, முந்தாநாள் பாக்கி" என்று ரெண்டு ரூபாய் நீட்டுகிறார். அதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று தெரியாமல் விழிக்கிறீர்கள். இங்கே நான் சிரித்தது சத்தம் வராத சிரிப்பு. பக்கத்து மேஜைக்காரருக்குத் தெரியாது.

விட்டுவிடவா என்று கேட்டிருந்தீர்கள். விட வேண்டாம். ஆனால் மாமா வீட்டுக்குப் போக வேண்டும். அம்மாவை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். அப்புறம் அது அக்கா தம்பி பஞ்சாயத்தாகி, 1998-ல் யாருக்குச் சீர் குறைந்தது என்பதில் போய் நிற்கும். சாயங்காலமாகத் தனியே போங்கள். "சும்மா ஜோக்குக்குத்தான் மாமா" என்ற வாக்கியம் வாயிலிருந்து வரவே கூடாது. அது இரண்டாவது கார்ட்டூன். நெஞ்சுவலியை யோசிக்காமல் போட்டுவிட்டேன், தப்பு என்று நேராகச் சொல்லுங்கள். திட்டினால் நின்று வாங்கிக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கிவிடாதீர்கள். நெய்யில் பொரித்து ஜீராவில் ஊறிய சாமானை நெஞ்சுவலி வந்தவர் கையில் கொடுத்தால், பாட்டி கேட்ட கேள்விக்குத் தேதி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைப்பார். சாத்துக்குடி போதும்.

அவர் பேச ஆரம்பித்தால் அந்த நாலு நாளைப் பற்றிக் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சீப்பை எடுத்துக்கொண்டு போனாரா என்று எனக்கே தெரிந்துகொள்ள ஆசை. எழுதுவதென்றால் அவரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.

கண்டக்டர் கணக்கை இதழில் போட்டுக்கொள்ளச் சம்மதமா என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். ஒரு திருத்தம் மட்டும். ஆறு டிக்கெட் பாக்கியையும் கூட்டி மொத்தம் 17 ரூபாய் என்று போட்டிருக்கிறீர்கள். நான் இரண்டு தரம் கூட்டினேன், பக்கத்து மேஜைக்காரரும் கூட்டினார்: மூன்று, இரண்டு, மூன்று, நாலு, ஒன்று, மூன்று. பதினாறுதான் வருகிறது. கண்டக்டர் தலையில் ஒரு ரூபாய் கூடுதலாக எழுதியிருக்கிறீர்கள்.