ஒர்க்‌ஷாப் வாத்தியார் பதில்கள்

(ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. ஃபிட்டர் பயிற்றுநர் பதில் சொல்கிறார்)

கேள்வி: கொரோனாவால் 2021-ல் பரீட்சை எழுதாமலே பத்தாவது பாஸானான் என் மகன். வீட்டு நிலைமையால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு கைமடி (டெய்லருக்கு உதவியாள்) வேலைக்குப் போய்விட்டான். வயது 20. இப்போது ஐ.டி.ஐ. படிக்க ஆசைப்படுகிறான். மார்க்கே இல்லாத சர்டிபிகேட் என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். சேர்க்கலாமா? - ஒரு தாய், வேடசந்தூர்

தாராளமாகச் சேருங்கள் அம்மா. அந்த வருஷம் தமிழ்நாட்டில் பத்தாவது படித்த எல்லாருக்கும் வெறும் 'தேர்ச்சி'தான். சிரிக்கிறவர்கள் வீட்டிலும் அப்படி ஒரு சர்டிபிகேட் இருக்கும், பாருங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயதே கிடையாது.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. ஊரடங்கு முடிந்து வந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அரத்தை எப்படிப் பிடிப்பது என்று வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பிப் பார்த்தோம், ஒருவனுக்கும் வரவில்லை. நேரில் வந்து வைஸ் (இரும்பை இறுக்கிப் பிடிக்கும் பிடி) முன்னால் நின்றதும் சீக்கிரமே வந்துவிட்டது. வராமல் படுத்தியது தசமக் கணக்கு! நுட்பமாக அளக்கிற வெர்னியர் காலிப்பரில் 24.36 மில்லிமீட்டர் என்று படிக்க வேண்டிய ஜாபை (வேலை செய்கிற இரும்புத் துண்டை), 24 என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். மீதிக்கு, வெர்னியரில் நேராகப் பொருந்துகிற கோட்டின் எண்ணான 18-ஐ 0.02-ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். சின்ன வகுப்புக் கணக்கு. ஒன்றரை வருஷம் தொடாமல் விட்டதில் துருப்பிடித்துவிட்டது. உங்கள் மகன் அதற்கப்புறமும் தொட்டிருக்க மாட்டான். ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்து, தசமம், பின்னம், விகிதம் மூன்றையும் தினமும் போடச் சொல்லுங்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து அரை மணி நேரம் போதும்.

அடுத்தது பணம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் உண்டு. ஆனால் 750 ரூபாய் அவனுடைய சம்பளத்துக்கு ஈடாகாது, அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. இரண்டு வருஷம் சமாளிக்க முடியுமென்றால் எலக்ட்ரீஷியன் அல்லது ஃபிட்டர். முடித்த பிறகு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷமும் சேரலாம். முடியாதென்றால் வெல்டர், ஒரே வருஷம். அப்புறம் அப்ரண்டிஸ், அதாவது கம்பெனியிலேயே வேலை பழகுவது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கம்பெனி அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும், உதவித்தொகையும் தர வேண்டும். சட்டம் 1961-லேயே வந்தது. கம்பெனிகள் தாங்களாக வந்து கூப்பிடும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: பள்ளி மூடியபோது என் மகள் இரண்டாம் வகுப்பு. இன்னும் திக்கித் திக்கித்தான் வாசிக்கிறாள். டியூஷன் வைக்கலாமா? - ஒரு வாசகர், அரியலூர்

சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் இல்லை நான், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்கள் சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்களே, அதையே வீட்டில் செய்யுங்கள். இப்போதைய பாடப்புத்தகம் வேண்டாம், மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் தினம் ஒரு பக்கம் சத்தமாக. தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், கூச்சம் இருக்காது.

கேள்வி: இன்டர்வியூவில் 'கொரோனா பேட்ச்சா?' என்று கிண்டல் செய்கிறார்கள். என்ன பதில் சொல்வது? - ஒரு வாசகர், ஓசூர்

'ஆமாம் சார், ஒரு ஜாப் கொடுங்கள், அளந்து காட்டுகிறேன்' என்று சொல்லுங்கள். அளக்கத் தெரிந்தால் மட்டும்!