கீழ்த்தாடை முன்னாடி தள்ளி இருக்கு, கம்பி போட்டா சரியாகுமா? கேள்விகளும் பதில்களும்

நான் பல் சீரமைப்பு டாக்டர், ஆர்த்தோடான்டிஸ்ட். கேக்குறவங்க வயச கண்டிப்பா சொல்லுங்க. இந்தப் பிரச்சனையில பாதி பதில் வயசுலதான் இருக்கு.

டாக்டர், எனக்கு 24 வயசு. கீழ்த்தாடை எடுப்பா தெரியும். கம்பி போட்டா உள்ள போயிடுமா?

தாடை உள்ள போகாதுமா. கம்பி பல்லத்தான் நகர்த்தும், வளர்ச்சி முடிஞ்ச எலும்ப நகர்த்தாது. ஆனா கண்ணாடியில தாடை எடுப்பா தெரிஞ்சாலே கீழ்த்தாடைதான் தப்புன்னு முடிவு பண்ணாதீங்க. நிறைய பேருக்கு கீழ்த்தாடை சரியாத்தான் இருக்கும், மேல்தாடைதான் வளராம பின்னாடி நின்னுடும், மூக்குக்கு ரெண்டு பக்கமும் கன்னம் ஒட்டின மாதிரி இருந்தா அது ஒரு அடையாளம். சிலருக்கு ரெண்டு தாடையும் சரி, முன்பல்லு இடிக்குதுன்னு கீழ்த்தாடைய முன்னாடி தள்ளிக் கடிச்சே பழகியிருப்பாங்க. அப்படிப்பட்டவங்க தாடைய தளர்த்தி பின்னாடி கொண்டு போனா மேல் கீழ் முன்பல்லு நுனியோட நுனி தொடும், இவங்களுக்கு கம்பியே போதும். பக்கவாட்டுல தலைய எடுக்குற செஃபலோகிராம்னு ஒரு எக்ஸ்ரே இருக்கு, அத வச்சு கோணம் அளப்போம், சராசரியா மேல்தாடை 2 டிகிரி முன்னாடி இருக்கணும். அது கொஞ்சமா மைனஸ்ல போனா, அதாவது கீழ்த்தாடை முன்னாடி நின்னா, பல்ல மட்டும் சாய்ச்சு கடிய சரி பண்ணிடலாம், ரொம்ப போனா ஆப்பரேஷன். இந்த எக்ஸ்ரே எடுக்காம கம்பி ஒட்ட வர்றவங்ககிட்ட உக்காராதீங்க.

என் பையனுக்கு ஏழரை வயசு மேடம். கீழ் பல்லு மேல் பல்லுக்கு முன்னாடி வந்து கடிக்குது. எல்லா பால் பல்லும் விழுந்து முளைக்கட்டும், 13 வயசுல பாத்துக்கலாம்னு பக்கத்து டாக்டர் சொல்றாங்க.

தயவுசெஞ்சு காத்திருக்காதீங்க. இந்த ஒரு வார்த்தையாலதான் எத்தனையோ பிள்ளைங்க கடைசியில ஆப்பரேஷன் டேபிள்ல வந்து நிக்குதுங்க, ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். பல்லு வரிசைக்கு வேணா காத்திருக்கலாம், மேல்தாடை எலும்புக்கு காத்திருக்க முடியாது. மேல்தாடைய முகத்தோட மத்த எலும்புகளோட சேர்க்குற இணைப்புகள் சின்ன வயசுல இளக்கமா இருக்கும், வயசாக ஆக பூட்டிக்கும். 7லருந்து 10 வரைக்கும்தான் நல்ல காலம்.

என்ன செய்வோம்னா, முதல்ல மேல் அண்ணத்துல ஒரு விரிப்பான் ஒட்டுவோம், வீட்டுல அம்மாவோ அப்பாவோ தினம் சாவி போட்டு திருப்பணும். அப்புறம் ஃபேஸ் மாஸ்க். நெத்தியிலயும் நாடியிலயும் பட்டை உக்காரும், நடுவுல இருக்குற கம்பியிலருந்து வாய்க்குள்ள ரப்பர் மாட்டி மேல்தாடைய முன்னாடி இழுக்கும். ஒரு நாளைக்கு 12லருந்து 14 மணி நேரம் போடணும், ஸ்கூலுக்கு போட்டுட்டு போக வேண்டாம், சாயங்காலம் போட்டா காலையில எழுந்து கழட்டலாம். ஒரு வருஷத்துக்குள்ள கடி மாறுறத நீங்களே பாப்பீங்க. இதுவும் நிச்சயம் கிடையாதுன்னு சொல்லிடுறேன், வயசுக்கு வரும்போது கீழ்த்தாடை திரும்ப வேகமா வளந்தா சில பிள்ளைங்களுக்கு பின்னாடி ஆப்பரேஷன் வேண்டி வரும். அதுக்காக இப்ப விட்டுடக் கூடாது.

குழந்தைய குளிப்பாட்டும்போது நாடிய அழுத்தி விட்டா தாடை உள்ள போகும்னு மாமியார் சொல்றாங்க. பாப்பாவுக்கு 3 மாசம்.

வேண்டாம்மா. பிறந்த குழந்தைக்கு கீழ்த்தாடை இயல்பாவே உள்வாங்கித்தான் இருக்கும்.

என் அக்கா பொண்ணுக்கு 9 வயசு, இதே பிரச்சனை.

ஏழரை வயசு பையனுக்கு சொன்னதுதான். இந்த மாசமே காட்டுங்க.

பையனுக்கு 15 வயசு சார். கீழ ரெண்டு கடவாய்ப்பல்லு எடுத்துட்டு கம்பி போட்டா தாடை உள்ள போகும்னு சொல்றாங்க. அடுத்த வாரம் பல்லு எடுக்கப் போறோம்.

நான் மேடம், பரவாயில்ல. அடுத்த வாரம் எடுக்காதீங்க. அவங்க சொல்றது முன் கடவாய்ப்பல்லா இருக்கும். கீழ ரெண்டு பக்கமும் ஒண்ணு எடுத்து அந்த இடத்துல முன்பல்ல பின்னாடி இழுப்பாங்க. பல்லு உள்ள போகும், நாடி அங்கேயேதான் இருக்கும், சில பேருக்கு இன்னும் எடுப்பா தெரியும். 15 வயசு பையன் இன்னும் வளருவான், 18, 20 வரைக்கும் கூட கீழ்த்தாடை வளரலாம்.

நான் குறுக்க வர்றேன் மேடம். எனக்கு 16 வயசுல இதே மாதிரி பல்லு எடுத்து கம்பி போட்டாங்க. இப்ப 30, நல்லா சாப்பிடுறேன், கல்யாணமும் ஆச்சு. ஏன் எல்லாரையும் ஆப்பரேஷன் சொல்லி பயமுறுத்துறீங்க?

உங்களுக்கு நல்லா வந்ததுல எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் தம்பி. லேசான கேஸுக்கு நானும் அதே வைத்தியம்தான் பண்றேன். வளர்ச்சி முடிஞ்சுதான்னு பாக்காம பண்றதுதான் தப்பு. உங்களுக்கு 16லயே தாடை நின்னிருக்கும். இந்தப் பையனுக்கு நிக்குமான்னு நீங்களும் நானும் இங்க உக்காந்து சொல்ல முடியாது.

அதுக்காக 20 வயசு வரைக்கும் பையன் கேலி வாங்கிட்டே இருக்கணுமா? ஆப்பரேஷன்ல உதடு மரத்துப் போகும்ல, அதையும் சொல்லுங்க.

கேலி பெரிய வலிதான், இல்லைன்னு சொல்லல. மரத்துப் போறதும் உண்மை. கீழ்த்தாடை எலும்புக்குள்ளயே ஒரு நரம்பு ஓடுது, எலும்ப வெட்டி பின்னாடி நகர்த்தும்போது அது இழுபடும், கீழ் உதடும் நாடியும் மரத்திருக்கும், நிறைய பேருக்கு சில மாசத்துல தேறும், சிலருக்கு கொஞ்சம் நிரந்தரமா நிக்கும். ஆனா முன்பல்ல ரொம்ப பின்னாடி சாய்ச்சா ஈறு இறங்கி வேர் வெளிய தெரியுறதும் இருக்கே, அதையும் பையனோட அப்பாகிட்ட சொல்லணும்ல.

எனக்கு 14ல பல்லு எடுத்தாங்க. 19ல கீழ் பல்லு திரும்ப முன்னாடி வந்துடுச்சு. ஆப்பரேஷனுக்கு போனா மூடின இடத்த மறுபடி திறக்கணும்னு சொன்னாங்க, முழுசா ரெண்டரை வருஷம் ஆச்சு.

இதத்தான் சொல்றேன்மா. ஆப்பரேஷனுக்கு முன்னாடி கம்பிய நேர் எதிர் திசையில வேலை செய்ய வைப்போம், உள்ள சாய்ஞ்ச கீழ் பல்ல வெளிய நிமித்துவோம், அந்த ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் முகம் முன்ன விட மோசமா தெரியும், இத முன்கூட்டியே சொல்லலன்னா பேஷன்ட் அழுதுடுவாங்க. முதல்லயே உள்ள இழுத்துக் கட்டிட்டா அது அத்தனையும் பிரிக்கணும். தம்பி, உங்க வாய் உங்களுக்கு சரி, இவங்க வாயும் நிஜம்தான்.

எனக்கு 22. ஆறு மாசத்துல கல்யாணம், அதுக்குள்ள ஆப்பரேஷன் முடியுமா?

வழக்கமான முறையில முடியாதுமா, மொத்தமா ரெண்டு வருஷம் கிட்ட வரும். ஆப்பரேஷன் வாய்க்குள்ளயே பண்றது, முகத்துல தழும்பு தெரியாது, டைட்டானியம் தகடும் ஸ்க்ரூவும் வச்சு பூட்டுவாங்க. அப்புறம் சில வாரம் கஞ்சி, கூழ், மசிச்ச சாதம். கல்யாணத்துக்கு அப்புறம் நிதானமா ஆரம்பிங்க. வர்ற மாப்பிள்ளைக்கு உங்க முகத்த மாத்திக் காட்டணும்னு கட்டாயம் இல்ல.

மியூயிங் பண்ணா தாடை சரியாகுமா?

நாக்க அண்ணத்துல அழுத்தி வச்சு வளர்ச்சி முடிஞ்ச எலும்பு நகராது.

10 வயசு பையன்...

மேல ஏழரை வயசு பையனுக்கு சொன்னத படிங்க தம்பி, ப்ளீஸ். 7லருந்து 10.

இது பரம்பரையா? என் மாமனாருக்கும் இருக்கு.

பரம்பரை பங்கு ரொம்ப பெருசு. ஐரோப்பாவுல ஹாப்ஸ்பர்க் ராஜ குடும்பத்துல தலைமுறை தலைமுறையா சொந்தத்துலயே கல்யாணம் பண்ணி இந்த தாடை அவங்க ஓவியங்கள்ல வரிசையா தெரியும், 1700ல செத்த ஸ்பெயின் ராஜா ரெண்டாம் கார்லோஸுக்கு சரியா மெல்லவே முடியாது. அதனால குடும்பத்துல யாருக்காவது இருந்தா பிள்ளைய 7 வயசுல ஒரு தடவை காட்டிடுங்க.

எனக்கு 38. முன்ன இப்படி இல்ல, ரெண்டு மூணு வருஷமா கீழ்த்தாடை வெளிய வர்ற மாதிரி இருக்கு, பல்லுக்கு நடுவுல சந்து விழுது.

உங்க கேள்விதான் இன்னைக்கு எல்லாத்த விடவும் அவசரம். மோதிரம் இறுகுதா, செருப்பு சைஸ் ஏறுச்சா, மூக்கு உதடு தடிச்சுதா? 38ல தாடை வளரக் கூடாது. மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பியில கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோன் கூடினா இப்படி ஆகும். கம்பி போட போகாதீங்க, ஹார்மோன் டாக்டர், எண்டோக்ரைனாலஜிஸ்ட்ட போய், வளர்ச்சி ஹார்மோன் கூடியிருக்கான்னு காட்டுற ஐஜிஎஃப் 1 ரத்தப் பரிசோதனை கேளுங்க. நாளைக்கே போங்க.

செலவு எவ்வளவு ஆகும்?

இங்க தொகை சொல்ல முடியாது. வசதி இல்லன்னா சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு போங்க.

மேடம், 15 வயசு பையனோட அப்பா. போன வருஷத்த விட 6 சென்டிமீட்டர் வளந்திருக்கான். பல்லு எடுக்குறத தள்ளி வச்சிட்டேன். இப்ப என்ன பண்ணணும்?

ரொம்ப நல்லது. 6 சென்டின்னா இன்னும் நல்லா ஓடுது. இப்ப ஒரு செஃபலோகிராம் எடுத்து பத்திரமா வைங்க, வருஷா வருஷம் அதே இடத்துல எடுங்க, ஒண்ணு மேல ஒண்ணு வச்சு பாத்து மாறாம நின்னதுக்கு அப்புறம் முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் பல்லுல சொத்தை வராம பாத்துக்கணும். பையனையும் பக்கத்துல உக்கார வச்சு எக்ஸ்ரேய காட்டுங்க, அவன் கேக்குறதுக்கும் டாக்டர பதில் சொல்ல வைங்க.